ஜெர்மன் குரலுக்கு அடியில்

முதல் ஒரு வாக்கியம் மட்டுந்தான் தமிழில் கேட்டது. திரையில் இரண்டு கைகள். மேசைவிரிப்பின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த, நகங்களை ஒட்ட வெட்டிய, ஐம்பத்தாறு வயதுக் கைகள். "வணக்கம். முதற்கண், இவ்வளவு தூரம் எங்களைத் தேடி வந்த உங்கள் எல்லாருக்கும் என்ர மனமார்ந்த நன்றி" என்றது ஒரு குரல். நன்றி என்ற சொல் முடிவதற்குள் அதன்மேல் இன்னொரு குரல் ஏறியது. ஆழமான, பண்பட்ட, ஜெர்மன் நடிகர் ஒருவரின் குரல். அதற்கு அடியில் தமிழ் பக்கத்து அறையில் யாரோ கதைப்பதுபோலக் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் அமிழ்ந்துபோனது. அது 2005 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல். லண்டன் ஹவுன்ஸ்லோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில், அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் அதே கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவரை எல்லோரும் அண்ணை என்றே கூப்பிட்டோம். 2001 இல் நான் அந்த வீட்டுக்கு வந்தபோது அவர் மேல்மாடிச் சின்ன அறையில் ஏற்கெனவே எட்டு வருடங்கள் இருந்துவிட்டார். நான் உள்ளூர் நூலகம் ஒன்றில் உதவியாளனாக இருந்தேன். அவர் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரித்து அனுப்பும் நிறுவனம் ஒன்றில் தட்டு அடுக்கும் வேலை பார்த்தார். கத்தி, முள்ளுக்கரண்டி, பட்டர், பாண் துண்டு, மூடிய கிண்ணத்தில் பழம் என்று ஒவ்வொன்றுக்கும் தட்டில் ஓர் இடம் உண்டு. நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதற்கும் கணக்கு உண்டு. ஊரில் சனசமூக நிலையத்தின் செயலாளராக இருந்தவர். எந்தக் கூட்டத்திலும் வரவேற்புரையும் நன்றியுரையும் அவருடையவை. இங்கே பஸ் சாரதிக்குக்கூட முழு வாக்கியத்தில் நன்றி சொல்லித்தான் இறங்குவார். தன்னைவிட இளைய ஆண்கள் எல்லோரையும் "ஐசே" என்றுதான் அழைப்பார். தம்பி என்ற சொல்லை அவர் யாருக்கும் பாவித்து நான் கேட்டதில்லை.

வீட்டுக்காரர் ஹரோவில் குடியிருந்தார். வாடகை வீட்டுக் கூரையில் தமிழ்த் தொலைக்காட்சிக்காக ஒரு டிஷ் பூட்டிக் கொடுத்திருந்தார். தமிழ் அலைவரிசை வந்த அந்தச் செய்மதியில், கேளாமலே ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய, போலந்து அலைவரிசைகளும் வந்தன. ஒரு ஞாயிறு தமிழ் அலைவரிசை தெளிவில்லாமல் போக, நான் ரிமோட்டை அழுத்திக்கொண்டே போய் கலங்கரை விளக்கம் ஒன்றைப் பற்றிய படத்தில் வந்து நின்றேன். அன்றிலிருந்து ஞாயிறு பிற்பகல்கள் எங்கள் இருவருக்கும் அந்த விவரணத் தொடர்களுக்கானவை ஆயின. நான் ஒரு கொப்பி வைத்திருந்தேன். திகதி, நேரம், எந்த நாட்டுத் தொலைக்காட்சி, எதைப் பற்றியது, படத்தில் எத்தனை பேர் கதைத்தார்கள் என்று பதிவேன். பிடித்தவற்றை வீடியோக் கசெட்டில் பிடித்து முதுகில் எண் ஒட்டுவேன். இதெல்லாம் யாருக்கு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திராது.

பிரிட்டிஷ் விவரணங்களில் யாராவது ஒருவர் நடந்து நடந்து கையை நீட்டி விளக்கிக்கொண்டே இருப்பார். இந்தத் தொடர்களில் விளக்குகிறவர் இல்லை. உப்புச் சுரங்கத்தில் ஒருவர் விளக்கை அணைத்துவிட்டு மின்தூக்கிக்குக் காத்து நிற்பார், கமராவும் காத்து நிற்கும். மலைக் கிராமத்துக் கடைசித் தபால்காரர், விலாங்கு பிடிக்கும் தகப்பனும் மகளும், கோயில் மணி வார்க்கிறவர்கள், எல்லைச் சாவடி மூடப்பட்டதால் வேலையற்றுப்போன சுங்க அதிகாரி. எல்லோரும் தங்கள் வேலையோடு தனியே இருந்தார்கள். பாஷை விளங்காமலே எங்களுக்கு அவர்களைத் தெரிந்தது. நத்தை வளர்க்கும் பிரெஞ்சுக்காரர் ஒருவரைப் பற்றிய படம் ஓடியபோது அண்ணை சொன்னார்:

"ஐசே, உவங்கள் ஒரு நத்தைக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கிறாங்கள். எங்கட ஊர்ச் சண்டைக்குச் செய்தியில அரை நிமிசம்."

இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். ஜெர்மன் அலைவரிசையில் வேற்று நாட்டுக்காரர் பேசினால், முதல் சில சொற்கள் மட்டும் அவருடைய குரலில் வரும். உடனே மொழிபெயர்ப்புக் குரல் மேலேறி மூடிவிடும். போலந்து மீனவர் ஒருவருக்கு அப்படி நடந்தபோது, "பாவம் மனுசன், வாய் திறக்க முன்னம் மற்றவன் பறிச்சிட்டான்" என்று சிரித்தார். ஆக, அந்த முறை எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

அவருடைய தம்பி ஜெர்மனியில் இருந்தார். இருவரும் எண்பதுகளில் ஒன்றாகப் புறப்பட்டு, தம்பி அங்கே இறங்கிவிட, அண்ணை லண்டன் வந்து சேர்ந்தார். 1993 இல் தம்பி தன்னோடு வேலை செய்த ஜெர்மன் பெண்ணை மணந்தார். ஊரில் தாய் தனியே. தொலைபேசி இல்லாத காலம். கடிதங்கள் அண்ணையின் முகவரிக்கு வந்து அவர் வழியாகத்தான் தம்பிக்குப் போயின. "இனி உன்ர முகத்தில முழிக்கமாட்டன்" என்று அம்மா சொல்லிவிட்டதாக அவர் தம்பிக்குச் சொன்னார். தம்பி தொடர்பை விட்டார். 1996 இல், சண்டையால் இடம்பெயர்ந்திருந்த இடத்தில், தாய் இறந்தார். தம்பிக்கு அனுப்பிய கடிதம் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. இவ்வளவும் அண்ணை எனக்குச் சொல்லியிருந்தார். ஜெர்மனிக்குப் போகும் விமானத்தின் தட்டுகள் வரும்போது கரண்டிகளைச் சுற்றிய துணியை ஒருமுறை நேராக்கிவிடுவதாகவும் சொன்னார். மேற்பார்வையாளர் அதற்காக அவரைக் கேலி செய்வாராம்.

2005 மே மாதத்தில் அவர் வேலையால் வந்து, கோட்டைக் கழற்றாமலே, என்னுடைய கொப்பியைக் கேட்டார். நாங்கள் பார்க்கும் ஜெர்மன் தொடர் ஒன்றின் பெயரைத் தேடி எடுத்து விரலை வைத்தார். ஒவ்வொரு கிழமையும் ஒரு சாதாரணப் பொருளை எடுத்து, அது பிறந்த இடத்திலிருந்து கடைசிக் கை வரைக்கும் பின்தொடரும் தொடர் அது. குடைப்பிடி, உப்பு, பித்தான் எல்லாம் வந்து முடிந்து, இந்த முறை விமானத்துச் சாப்பாட்டுத் தட்டு. படப்பிடிப்புக் குழு அவருடைய வேலைத்தலத்துக்கு வந்திருந்தது. தொழிலாளர் யாருடைய முகமோ பெயரோ வரக்கூடாது என்ற நிபந்தனையில் நிறுவனம் சம்மதித்திருந்தது. கைகள் மட்டும் போதும், ஆனால் அவரவர் தாய்மொழியில் பேச வேண்டும் என்றாராம் இயக்குநர் அம்மா. தன் வீட்டில் மொழிபெயர்க்க ஆள் உண்டு என்று அண்ணை சொல்லிவிட்டார்.

"முகம் இல்லாட்டிலும் பரவாயில்லை. குரல் இருக்குத்தானே. அவன் ஜெர்மனியில, இது ஜெர்மன் ரீவி. தம்பிக்கு ஒரு சொல்லுச் சொல்லப்போறன், ஐசே. நீர் அப்பிடியே சொல்லிவிடும்."

சனிக்கிழமை எங்கள் வீட்டுக் குசினியில் படம் பிடித்தார்கள். கைகள் மட்டுந்தான் என்று தெரிந்தும் அவர் சவரம் செய்து, தலை சீவி, கோட் போட்டிருந்தார். கமரா ஓடத் தொடங்கியதும் எழுந்து நின்று பேசப்போனவரை இயக்குநர் அம்மா சிரித்தபடி இருத்தினார். அப்போதுதான் அந்த நன்றியுரை வந்தது. செயலாளர் ஒருவர் வேறெப்படித் தொடங்குவார்? அந்தக் கணத்தில் நான் கையை உயர்த்தி நிறுத்தியிருக்கலாம். முதல் சொற்கள் மட்டுமே கேட்கும், அவற்றைத் தம்பிக்கு வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. நூற்றுக்கணக்கில் படங்களைப் பதிந்து வைத்திருந்தவனுக்குத் தோன்றவில்லை.

கடைசிக் கேள்வி, இந்தத் தட்டை வாங்கும் ஆளுக்கு ஏதாவது சொல்ல விருப்பமா என்பது. அவர் கைகளைப் பிரித்து, மறுபடி சேர்த்து வைத்து, தம்பியோடு பேசினார். நான் குனிந்து கொப்பியில் அவர் சொல்வதைத் தமிழிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் என் பேனை நின்றது. முகத்தில் முழிக்கமாட்டேன் என்று தாய் சொல்லவே இல்லை, அது தன்னுடைய சொல் என்றார். அவருடைய குரல் மாறவில்லை. நான் திரும்ப எழுதத் தொடங்கி முடித்து நிமிர்ந்தபோது, படக்குழுவின் வெள்ளைக்காரர் நால்வரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னொரு வீட்டின் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டது போன்ற வெட்கம். ஒரு மரியாதையான மனிதர் தாயின் பெயரில் பொய் சொன்னார் என்பதை அந்நியருக்கு முன்னால் என் வாயால் எப்படிச் சொல்வது? அவருக்கு ஜெர்மனியில் ஒரு தம்பி இருக்கிறார், அடிக்கடி நினைத்துக்கொள்கிறார், அவரும் குடும்பமும் நலமாக இருக்க வாழ்த்துகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவுதானா என்பதுபோல இயக்குநர் அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். வேகமான ஆங்கிலம் அண்ணைக்குப் பிடிபடாது. தலையசைத்துத் தேநீர் ஊற்றப் போனார்.

அது தடுமாற்றம் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் இரண்டு நாள் கழித்து, முழுப் பேச்சையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். நூலகத்தில், மதிய இடைவேளையில், கொப்பியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, ஆற அமர யோசித்து, அதே மூன்று வாக்கியங்களைத்தான் தட்டினேன். அவருடைய மானத்தைக் காப்பாற்றினேன் என்ற திருப்தியும் அன்று இருந்தது.

படம் ஒளிபரப்பான ஞாயிறு நாங்கள் கசெட்டையும் ஓடவிட்டுப் பார்த்தோம். நிறுவனத்துக்குக் கொடுத்த வாக்குப்படி முகம் இல்லை, பெயர் இல்லை. அவர் பேசியது ஜெர்மன் குரலுக்கு அடியில் போய்விட்டது. முடிந்ததும் அவர், "என்ர நன்றி மட்டும் நல்லாக் கேட்டுது" என்றார். சிரிக்கவும் செய்தார். பிறகு, தம்பிக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும், அதில் கேட்டாலே போதும், அம்மா விசயம் கேட்டால் பேசுவது தானென்று அவனுக்கு விளங்கும் என்று தனக்குத்தானே சொன்னார். நான் கசெட்டை வெளியே எடுத்து முதுகில் எண் ஒட்டினேன்.

அடுத்த மூன்று கிழமைகள் தொலைபேசி அடித்தால் அவர் படியில் இறங்கி வரும் வேகம் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. நான்காம் கிழமை சொல்லிவிட்டேன். குசினியில், அவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது.

"நான் சொன்னதை நீர் சொல்லேல்லையோ?"

"இல்லை, அண்ணை."

"ஏன்?"

"உங்கட மரியாதை..."

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். "அந்த மரியாதையைப் பாத்துத்தானே ஐசே நான் அவனுக்கும் பொய் சொன்னனான்" என்றார். கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

நான் ஜெர்மனிக்குக் கடிதம் எழுதினேன். தவறு என்னுடையது, சரியான மொழிபெயர்ப்பு இதோ என்று. மரியாதையான பதில் வந்தது: படம் முடிந்துபோன வேலை, மாற்ற வழியில்லை, பயன்படாத ஒலிநாடாக்களை அவர்கள் வைத்திருப்பதில்லை. அதை அண்ணையிடம் காட்டினேன். வாசித்து மடித்துத் தந்தார். ஏழு ஞாயிறுகள் அவர் கீழே வரவில்லை. கொப்பியில் அந்த ஏழு பக்கங்களிலும் நான் ஒரே ஆளாகப் பார்த்த படங்கள் பதிந்திருக்கின்றன. எட்டாம் ஞாயிறு வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, "இண்டைக்கு என்ன? நத்தையோ?" என்று கேட்டார். பாலம் ஒன்றுக்கு வர்ணம் பூசுகிறவர்கள் என்றேன். பார்த்தோம். அந்தப் பேச்சை நாங்கள் பிறகு எடுக்கவேயில்லை.

2008 மார்ச்சில், வேலைக்குப் போகும் பஸ்ஸில், மாரடைப்பில் போனார். இறுதிச் சடங்குக்கு வேலைத்தலத்திலிருந்து ஒன்பது பேரும் வீட்டுக்காரரும் வந்தார்கள். உடன்பிறந்தவர் செய்ய வேண்டியதை நான் செய்தேன். செய்யும்போது அது எனக்கு உரியதல்ல என்று தெரிந்திருந்தது.

இப்போது நான் ஹவுன்ஸ்லோவில் இல்லை. விவரணத் தொடர்களை எந்த நேரமும் பார்க்கலாம், எழுத்து வரி ஓடும், பேசுகிறவரின் குரலை யாரும் மூடுவதில்லை. பதிந்து வைப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை குனிந்திருந்து எழுதிய பக்கம் இருக்கிறது. தமிழ் வாசிக்கிற ஒருவர், ஜெர்மனியில், இப்போது அறுபதைத் தாண்டியவர், இதைக் காணக்கூடும். இந்த முறை ஒரு சொல்லும் குறைக்காமல் தருகிறேன்.

"தம்பி, நான் அண்ணை கதைக்கிறன். முகம் காட்டக்கூடாதெண்டு சொல்லிப்போட்டினம், குரலை வைச்சுக் கண்டுபிடி. அம்மா உன்ர முகத்தில முழிக்கமாட்டன் எண்டு சொல்லவேயில்லை. அது நான் சொன்னது. எனக்குத்தான் கோவம். நீ கலியாணம் கட்டினது அம்மாவுக்குத் தெரியாது, நான் எழுதேல்லை. தெரிஞ்சிருந்தா சந்தோசப்பட்டிருப்பாவெண்டுதான் நினைக்கிறன். கடைசிக் கடிதத்திலயும் தம்பி ஏன் எழுதிறானில்லையெண்டு கேட்டவா. அதை வைச்சிருக்கிறன், வந்தா வாசிக்கலாம். உன்ர மனுசியின்ர பேரையும் நான் கேக்கேல்லை. அவவைக் கேட்டதாச் சொல்லு. கிழமை நாளில எனக்கு ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமையில வீட்டிலதான் இருக்கிறன்."