வளையலைப் பிடுங்கிவிட்டுக் கடுகை ஒட்டினேன்

நான் பொய் சொன்னேன். என் தவற்றைப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொண்டேன். அப்பாடா... எழுதியாகிவிட்டது!

காரிமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. ஏழு வருடங்களுக்கு முன், மாவட்ட அறிவியல் கண்காட்சிக்காக என் மாணவி காவேரி சுழலும் கருந்துளை ஒன்றைச் செய்தாள். பாதியாக வெட்டிய தெர்மாகோல் பந்துக்குக் கறுப்பு வண்ணம் பூசி, நடுவில் தன் கண்ணாடி வளையல் ஒன்றை வைத்திருந்தாள்.

"இது எதுக்குடி?"

"உள்ள இருக்கறது புள்ளி இல்லைங்க மிஸ், வளையம். சுத்தறதால அப்படி ஆவுதாம். லைப்ரரி புக்குல போட்டிருக்குதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் படித்ததெல்லாம் சுழலாத கருந்துளை. அதில் எல்லாமே ஒரே புள்ளியில் போய் நசுங்கும். நம் சமன்பாடுகள் அங்கே கைவிரித்துவிடும். அந்த இடத்துக்குத்தான் ஒருமை என்று பெயர். சுழன்றால் கணக்கு மாறும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் வாய் வந்ததா? வளையலைப் பிடுங்கிவிட்டு அங்கே ஒரு கடுகை ஒட்டினேன்!

கண்காட்சியில் நடுவர் குனிந்து பார்த்தார். "சுழலும் கருந்துளைன்னு எழுதியிருக்கு. அப்ப ஒருமை வளையமால்ல இருக்கணும்? சுழற்சி இருக்கறப்ப எல்லாம் ஒரே புள்ளியில சேராதே."

காவேரி என்னைப் பார்த்தாள். அன்றைய கூலி வேலையை விட்டுவிட்டு மகளைப் பார்க்க வந்திருந்த அவள் அப்பாவும் என்னைப் பார்த்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு? "நான் அப்பவே சொன்னேங்க சார். இவதான் கேக்கல."

ச்சீ... நானா அது!

பரிசு போனது போகட்டும். "நமக்கு பிசிக்ஸ் எல்லாம் ஒத்து வராது கண்ணு" என்று சொல்லி, அவள் அப்பா அவளைப் பதினோராம் வகுப்பில் வணிகவியலில் சேர்த்தார். விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட்டபோது நான் பக்கத்திலேயே நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். கருந்துளைக்குள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. நிஜத்தில் அந்த வளையம் நிலைக்குமா என்று இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் சமன்பாடு வளையம் என்றுதான் சொல்கிறது. அவள் சொன்னதுதான் சரி.

போன வாரம் சந்தையில் காவேரியைப் பார்த்தேன். தருமபுரியில் துணிக்கடை வேலையாம். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று, நீ சொன்னதுதான் சரி, பொய் சொன்னது நான்தான் என்று எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். எத்தனை லேசாகிவிட்டது! அன்று வீட்டுக்கு வந்து, பல நாள் பட்டினி கிடந்தவள்போல் சாப்பிட்டேன். வெட்கமில்லாத நிம்மதி... இருந்தாலும் நிம்மதிதான்.

உன் அப்பாவிடமும் நானே வந்து சொல்கிறேன் என்று சந்தையிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன்.

"வாங்க மிஸ். ஞாயித்துக்கெழமை வூட்லதான் இருப்பாரு" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "'அப்ப எம்பொண்ணு பிசிக்ஸ் படிச்சிருக்கலாமா'ன்னு கேப்பாருங்க. அதுக்கும் நீங்களே பதில் சொல்லிடுங்க."

நாளை ஞாயிறு. போகத்தான் போகிறேன். படித்திருக்கலாம் என்றுதான் சொல்ல வேண்டும்... அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.