தோற்றவர் காபி வாங்க வேண்டும்

போன வருடம் மழைக்காலத்தில், பெங்களூரு தொம்மலூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் ஆரம்பித்த கதை இது.

நானும் கணவரும் ஒரு துப்பறியும் தொடருக்கு அடிமைகள். செல்போனில் காதால் கேட்கிற தொடர். பல வருடங்களாக வந்துகொண்டிருக்கிறது. சனிக்கிழமை காலையில் புதுக் கதை வரும்; மாலையில் இரண்டு பேரும் சோபாவில் சாய்ந்து கேட்போம். துப்பறிவாளர் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டிவைத்துத் தொண்டையைச் செருமும் இடத்தில் நிறுத்திவிடுவோம். ஆளுக்கொரு குற்றவாளியைச் சொல்ல வேண்டும். தோற்றவர் காபி போட வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் ஆரம்பித்துவைத்த விளையாட்டு. உலகத்திலேயே எங்கள் இருவருக்கு மட்டும் சொந்தமானது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவர் வாராவாரம் தோற்க ஆரம்பித்தார். முதலில் எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை. பிறகுதான் உறுத்தியது. கொலை நடந்த அன்று ஊரிலேயே இல்லாத தோட்டக்காரரைப் போய்க் குற்றவாளி என்றார். இன்னொரு நாள், சிரிப்பு வசனம் வருவதற்கு முன்பே சிரித்துவிட்டார். அப்போது புரிந்தது. மனிதர் ஏற்கெனவே கேட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து நடிக்கிறார்.

யாரோடு கேட்கிறார்? சனிக்கிழமை காலையில் வாக்கிங் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவாரே, அது ஞாபகம் வந்தது. நடப்பதற்கு எதற்கு ஸ்கூட்டர்?

அடுத்த சனிக்கிழமை ஓர் ஆட்டோவைப் பிடித்து, முன்னால் போகிற ஸ்கூட்டரை விடாதீர்கள் என்றேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "யஜமானரா மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம், புருஷன்தான் என்றேன். அவ்வளவுதான், மனிதர் சிக்னலில்கூட உற்சாகமாக ஹாரன் அடித்தார்.

ஸ்கூட்டர் அல்சூர் ஏரிக்கரையில் நின்றது. பெஞ்சில் ஒரு பெரியவர். என் கணவர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இயர்போனின் ஒரு முனையை அவர் காதில் வைத்துவிட்டு, மறுமுனையைத் தன் காதில் செருகிக்கொண்டார். போட்டோவில் மட்டுமே பார்த்திருந்த முகம். என் மாமனார்.

நான் சிவாஜிநகரில், கூலிக்காரர் வீட்டில் வளர்ந்தவள். அவர்கள் தலைமுறை தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். எங்கள் காதல் கல்யாணத்துக்கு மாமனார் வரவில்லை. மகனோடு பேச்சுவார்த்தையே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஓர் இடத்தில் என் கணவர் கதையை நிறுத்தினார். அப்பா ஒரு பெயர் சொன்னார். மகன் ஒரு பெயர் சொன்னார். மீதியைக் கேட்டார்கள். அப்பா கைதட்டிச் சிரிக்க, இவர் எழுந்துபோய், சைக்கிளில் கேன் வைத்து விற்பவரிடம் காபி வாங்கி வந்தார். எங்கள் விளையாட்டு! எனக்கு முன்பே இன்னொருவரோடு ஆடிய விளையாட்டு! வேறொரு பெண்ணாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அன்று மாலையும் அசட்டுத்தனமாக ஒரு பெயரைச் சொன்னார். "காலைல ஏரிக்கரைல என்ன பேர் சொன்னீங்களோ அதையே சொல்லுங்க" என்றேன். முகம் வெளுத்துவிட்டது.

"இது முன்னாடி நானும் அப்பாவும் ஆடின விளையாட்டு. அப்பாவுக்கு ஆப் எல்லாம் போடத் தெரியாது. நீயே வந்து போடுன்னு அம்மா மூலமா கூப்பிட்டார். கதை மட்டும்தான், வீட்டு விஷயம் பேசினா எழுந்து போயிடுவேன்னு கண்டிஷன். அதை உங்கிட்ட எப்படிச் சொல்றது? பதில் தெரிஞ்சு வச்சுக்கிட்டு உன்னை ஜெயிக்கவும் மனசு வரல."

வீட்டு விஷயம் என்பது நான்தான். அழுதேன். அழுது முடித்ததும் என் கண்டிஷனைச் சொன்னேன். "இனிமே நிறுத்துற இடம் வரைக்கும் முதல்ல என்கூட கேக்கணும். முடிவு அங்க போய்க் கேளுங்க. ஆனா நான் சொல்ற பேரையும் அவர்கிட்ட சொல்லணும். யார் சொன்னதுன்னு சொல்ல வேணாம்."

அப்படியே நடந்தது. என் கணவர் பெஞ்சில் இரண்டு பெயர்கள் சொல்வார். இரண்டாவது யாருடையது என்று மாமனார் கேட்கவே இல்லையாம். நானும் சில வாரம் தோற்றேன், சில வாரம் ஜெயித்தேன்.

ஒரு சனிக்கிழமை மாமனார், மகன் இருவருமே தவறாகச் சொல்ல, நான் சொன்ன பெயர் மட்டும் சரியாக இருந்தது. அன்று கணவர் மூடி போட்ட காகிதக் கப் ஒன்றைப் பையில் போட்டு ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். பாதி சிந்திப்போய், மீதி ஆறிப்போயிருந்தது. பெரியவரே எழுந்துபோய் வாங்கியதாம். "தோத்தா வாங்கித்தானே ஆகணும். கொண்டுபோய்க் கொடு" என்று மட்டும் சொன்னாராம்.

சுடவைக்கக்கூட மனமில்லாமல் அப்படியே குடித்தேன். என் பெயரை அவர் இன்னும் சொன்னதில்லை. அந்தப் பெஞ்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னிடம் தோற்றுக் காபி வாங்கிக் கொடுத்தவரை அந்நியர் என்று நினைக்க முடியவில்லை.