நசீமாவின் புழுவும் பச்சைப் புள்ளிகளும்

நேற்று மணவாள நகரில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கடல்பாசி இனிப்பு வந்தது. ரோஸ் எசென்ஸையும் மீறி அந்தப் பாசி வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் புழு ஞாபகம் வந்துவிட்டது. முகத்தைச் சுளிக்காதீர்கள், சொல்கிறேன்.

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறையை ஒட்டி ஒரு சின்ன ஆய்வகம். அங்கேதான் என் முதல் வேலை. புழு வளர்க்கும் தட்டுகளுக்கு அகர் காய்ச்சி ஊற்றுவேன். படித்த படிப்புக்குச் சமையல்காரி உத்தியோகம்! அகர் என்றால் இதே கடல்பாசிதான். என் சீனியர் நசீமா, பழவேற்காட்டுக்காரி, "எங்கூட்ல நோம்புக்குக் காச்சுவோம். இங்க புழுவுக்குக் காச்சிக்கினு கீறோம்" என்பாள்.

புழு குருணையை விடச் சின்னது, உடம்போ கண்ணாடி. கருமுட்டையாகப் போகும் செல்கள் உள்ளே வரிசைகட்டி நிற்பது அப்படியே தெரியும். அவை செய்யும் காரியத்தை முதலில் நான் நம்பவேயில்லை. தம் டிஎன்ஏவைத் தாமே வெட்டிக்கொள்கின்றன! ஜோடி குரோமோசோம்கள் தமக்குள் துண்டு மாற்றிக்கொள்ளத்தான் அந்த வெட்டு. பிறகு ஒவ்வொரு வெட்டையும் மூடியாக வேண்டும். மூட முடியாத செல் பெரும்பாலும் தன்னையே அழித்துக்கொள்ளும், பழுது பிள்ளைக்குப் போகக்கூடாதே.

பழுதுபார்க்கும் புரதம் ஒன்று இல்லாத புழுக்களை நசீமா வளர்த்தாள். அப்போதும் செல் வேறு வழியில் வெட்டை மூடிவிடும் என்பது அவள் பிடிவாதம். ஆய்வக டைரக்டர் சாருக்கு நம்பிக்கையில்லை. ஒரு நாள் காலையில் வந்து, அன்று சாயங்காலத்துக்குள் படம் காட்டாவிட்டால் புழு வேலைக்கே மூடுவிழா என்று சொல்லிவிட்டார்.

மூடாத வெட்டெல்லாம் பச்சையாக ஒளிரும்படி சாயமேற்றியிருந்தாள். மதியம் இருட்டறையிலிருந்து ஒரே அலறல். "ஓடியாடி! கடேசில ஒரு புள்ளி கூட இல்லடி!"

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வரிசையின் நடுவில் பச்சைப் புள்ளிகள் கொட்டிக் கிடந்தன. முட்டையாகும் முனையில் செல்கள் குறையாமல் இருந்தன, புள்ளிதான் ஒன்றுகூட இல்லை. அத்தனை வெட்டும் மூடிவிட்டது!

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பட்டறையில் முதல் சரக்கு சரியாக வந்தாலும் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். நாங்களும் கூப்பிட்டோம். லேத் முனுசாமி அண்ணன், டீக்காரர், வாட்ச்மேன், எல்லோரும் மாறி மாறிக் கண்ணை வைத்தார்கள். "இன்னாம்மா இது, உள்ள மின்மினி உட்டாப்புல கீது!" என்றார் அண்ணன்.

கூட்டம் கலைந்தபின் கேமராவைத் தட்டினால் வெறும் கறுப்பு. விளக்கொளி படப்பட அந்தப் பச்சை வெளுத்துவிடும். முதலில் படம், அப்புறம்தான் பார்வை என்பது பாலபாடம். சந்தோஷத்தில் இருவருமே மறந்துவிட்டோம். அந்தக் கண்ணாடிச் சிலைடில் நன்றாகச் சாயமேறியதும் அந்தப் புழு ஒன்றுதான். நசீமா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சார் வந்தபோது முனுசாமி அண்ணன்தான் வாசலை மறித்தார். "நாங்க அத்தினி பேரும் பாத்தோம் சார். நடுவுல பச்சையா இருந்துச்சு, அந்தாண்ட ஒண்ணுமே இல்ல."

சார் சிரித்துவிட்டார். ஒரு வாரம் தவணை கிடைத்தது. அதற்குள் இன்னொரு புழு படத்துக்கு நின்றது. வேலை பிழைத்தது.

ஆய்விதழில் அச்சானது அந்த இரண்டாவது புழு. சாயம் சுமார்தான். ஆய்வகம் இருந்த இடத்தில் இப்போது குடோன். டீக்கடையும் இல்லை. முனுசாமி அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். முதல் புழுவைப் பார்த்த கண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன. அதற்கு வேறு படம் கிடையாது.