அண்ணனின் கட்டைவிரலும் என் முதல் பரிசும்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்லும் சுமை உங்களுக்கு இல்லை. தீர்ப்பு அன்றே, என் வாயாலேயே, சொல்லப்பட்டுவிட்டது. அன்று மண்டபத்தில் கேட்டவர்கள் கை தட்டினார்கள். கை தட்டாமல் கேட்கும் ஒருவர் எனக்கு இப்போது தேவைப்படுகிறார். இங்கே எழுதியிருப்பதை முதலில் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். ஒரே ஓர் இடத்தில் நிறுத்தித் திருத்தினார். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

திருப்பூர் தனி மாவட்டம் ஆவதற்குச் சற்று முந்தைய காலம் அது. வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நாங்கள் கோவைக்குத்தான் பேருந்து ஏற வேண்டும். அண்ணன் பி.காம். முடித்துப் பதிவு செய்து, தவறாமல் புதுப்பித்து, ஐந்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். அப்படிக் காத்திருப்போருக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தந்தது. மூன்றாண்டு வரைதான் தரும். அண்ணனுக்கு இரண்டு ஆண்டுகள் முடிந்து, மூன்றாவது தொடங்க இருந்தது. கடைசி ஆண்டு. அந்த ஆண்டுக்குள் அரசுத் தேர்வில் வென்று எழுத்தராகிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. தேர்வுக் கட்டணம், கோவைக்குப் போகும் பேருந்துச் செலவு, ஞாயிறு தோறும் பயிற்சி வகுப்பு எல்லாம் அந்தத் தொகைக்குள்தான் அடங்கின. அப்பாவிடம் கேட்க அவருக்கு மனம் வராது. அந்த வயதில் கேட்கும் துணிவு யாருக்கும் வராது.

தொகை தொடர வேண்டுமானால் ஆண்டுக்கொரு முறை உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். "நான் எங்கும் பணிபுரியவில்லை; சுயதொழிலும் செய்யவில்லை" என்பது அதன் உயிர் வாசகம். கீழே எங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலர் ஒப்பமிட வேண்டும்.

அண்ணன் பணிபுரிந்தாரா? இங்கேதான் உங்கள் சாட்சியம் தேவை. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் ஷிப்மெண்ட் நெருங்கினால் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து ஆள் அனுப்புவார்கள். போய், தைத்து வரும் பனியன்களில் தொங்கும் நூல் பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டுவார். ஷிப்மெண்ட் முடிந்தால், "கூப்பிடறப்ப வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அவர் பெயர் அங்கே எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. மாதத்தில் பத்து நாள் வேலை என்று எழுதியிருந்தேன். அண்ணன் நிறுத்தியது இங்கேதான். "கரண்ட் இல்லாத நாளைக் கழிச்சியா?" என்றார். கழித்தால் ஏழு.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பேச்சுப் போட்டி என்றால் என் பெயரைக் கேட்காமலே எழுதிக்கொள்வார்கள். தொடக்கம் எங்கே தாழ வேண்டும், எங்கே ஏற வேண்டும், எந்தச் சொல்லுக்குப் பின் மூன்று எண்ணும் வரை வாய் மூடி நிற்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பயிற்சி. எண்களை அடுக்கினால் அவையோர் தூங்கிவிடுவார்கள், ஒரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தினால் விழித்துக்கொள்வார்கள் என்பதையும் கற்றிருந்தேன்.

திருப்பூரில் காதர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் போட்டி. வேலையில்லா இளைஞருக்கு அரசு தரும் உதவித்தொகை அவரைத் தாங்குகிறதா, சோம்பேறி ஆக்குகிறதா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கினார்கள். "சோம்பேறி ஆக்குகிறது" எனக்கு விழுந்தது. நடுவர் மூவரில் ஒருவர் எங்கள் ஊர்க் கிராம நிர்வாக அலுவலர்; தமிழ் ஆர்வலர் என்று அழைத்திருந்தார்கள். தெரிந்த முகம் இருக்கிறதே என்று, மறைக்காமல் சொல்கிறேன், மகிழ்ந்தேன்.

"அவையோரே! ஆட்கள் தேவை என்ற பலகை தொங்காத சுவர் இந்த நகரில் எது? மொழி தெரியாத இளைஞன் மூன்று நாள் ரயிலில் வந்து இறங்கி, மறுநாளே இங்கு வேலை பார்க்கிறான்" என்று தொடங்கினேன். முதல் மணி அடித்தது. ஒரு மனிதனை நிறுத்த வேண்டிய நேரம்.

"எனக்குத் தெரிந்த பட்டதாரி ஒருவர் இருக்கிறார். பிசிறு வெட்டி வெட்டி அவர் வலக் கட்டைவிரலின் உட்புறம் காய்த்துப் போயிருக்கிறது. பேனாவைப் பிடித்தால் அது அந்தக் காய்ப்பின்மேல்தான் நிற்கும். அந்த விரலைக் கொண்டுதான் ஆண்டுதோறும் அரசுக்கு எழுதிக் கொடுக்கிறார், எனக்கு வேலை இல்லை என்று!"

மூன்று எண்ணினேன். மண்டபம் அதிர்ந்தது. எங்கள் கிராம நிர்வாக அலுவலர் கையைத் தூக்கித் தட்டினார். முதல் பரிசாக ஒரு கேடயம். வென்றவர் அடுத்த மாதம் கோவையில் இறுதிச் சுற்றில் பேச வேண்டும் என்று அறிவித்தார்கள்.

அண்ணன் அன்று கம்பெனியில் இருந்தார். வீட்டுக்கு வந்து கேடயத்தை வாங்கி, தன் தேர்வுப் புத்தகங்களின் மேல் வைத்தார். "எதைப் பத்திப் பேசுனே?" என்று கேட்டார். "அரசுத் திட்டங்களைப் பத்திங்ணா" என்றேன். பொய் இல்லை.

நான்காம் நாள் அவரே சொன்னார்: "வி.ஏ.ஓ. கிட்டக் கையெழுத்து வாங்கணும். நீயும் வா. உனக்குப் பரிசு குடுத்தவராச்சே, நாளைக்கு வா நாளானிக்கு வான்னு அலைய விட மாட்டாரு."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை என்றால் நம்புவீர்களா? உறைத்தது. ஆனால் விரலைச் சொன்னேனே தவிரப் பெயரைச் சொல்லவில்லை என்று வழியெல்லாம் எனக்கு நானே வாதாடிக்கொண்டு நடந்தேன்.

"வாங்க கண்ணு, வாங்க!" என்றார் அலுவலர். பக்கத்து மேசையில் இருந்த கிராம உதவியாளரிடம், "ஏனுங்க, நான் சொன்னனுங்களே, அந்தப் பேச்சுக்காரத் தம்பி இவருதானுங்க" என்றார்.

அண்ணன் முகமெல்லாம் சிரிப்பு. "என்ற தம்பிங்க" என்று சொல்லியபடி படிவத்தை நீட்டினார்.

அலுவலர் படித்தார். பேனாவைத் திறந்தார். உறுதிமொழியின் கீழே அண்ணன் இட்டிருந்த கையெழுத்தில் அவர் கண் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"கையக் கொஞ்சம் காட்டுங்க."

அண்ணன் ஒன்றும் புரியாமல் இடக்கையை நீட்டினார்.

"அது இல்லீங்க. மத்தது."

வலக்கை மேசைமேல் வந்தது. கட்டைவிரலின் உட்புறம், மஞ்சள் பாரித்து, தேய்ந்த காசு போல அந்தக் காய்ப்பு. அலுவலர் தொடவில்லை. பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மேடையில சொன்னது இந்த விரலுங்களா கண்ணு?"

 நான் மேசைமேல் கிடந்த படிவத்தைப் பார்த்தேன்.

கிராம உதவியாளர் சிரித்தார். "அட, கூடப் பொறந்தவனையே வித்துப் பரிசு வாங்கிட்டீங்களா? பெரிய யாவாரியாட்ட வருவீங்க போங்க!"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "என்னடா சொன்னே?" என்றார், மெதுவாக. நான் சொல்லவில்லை. அலுவலர்தான் சொன்னார், ஒரு சொல்லும் விடாமல், என் ஏற்ற இறக்கத்தோடு. நல்ல நினைவாற்றல்.

"மாசத்துல இருபது நாளுக்கு மேல சும்மாதானுங்க இருக்கறேன்" என்றார் அண்ணன். "இந்த மாச ஷிப்மெண்ட்டு முடிஞ்சுதுங்க. அடுத்த மாசம் கூப்பிடுவாங்களான்னே தெரியலீங்க."

"தெரியுமுங்க. ஆனா படிவத்துல அதுக்கு ஒரு கட்டம் இல்லீங்களே. வேலை இருக்குது, இல்லை. ரெண்டே ரெண்டுதானுங்க."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். மாதத்தில் ஏழு நாள் கிடைக்கும் கூலியை வேலை என்று எப்படிச் சொல்வது, பதிவேட்டில் பெயர் இல்லாதவனைப் பணியாளன் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று வரிசையாக அடுக்கினேன். குரல் தானாகவே மேடைக் குரலாயிற்று. அலுவலர் கடைசிவரை கேட்டார்.

"நல்லாப் பேசறீங்க. இதை அன்னைக்கே பேசியிருக்கலாமுங்களே?"

"சீட்டு அந்தப் பக்கம் விழுந்துருச்சுங்க."

"அன்னைக்குக் கை தட்டுனதுல நானும் ஒருத்தனுங்க, கண்ணு. ஊரு முன்னால தட்டிப்போட்டு, இன்னைக்கு அதே ஆளுக்குக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஒருத்தன் மேல எழுதிப் போட்டான்னா எனக்குத்தான் மெமோ வரும்." படிவத்தை அண்ணன் பக்கமாக நகர்த்தினார். "வேணும்னா கம்பெனில ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. இவரு எங்க ஆளு இல்லேன்னு. பாக்கறனுங்க."

வெளியே வந்ததும், கம்பெனிக்கு இப்போதே போய்க் கேட்கலாம் என்றேன்.

"கேட்டா லெட்டரும் தர மாட்டாங்க, அடுத்த ஷிப்மெண்ட்டுக்குக் கூப்பிடவும் மாட்டாங்க" என்றார் அண்ணன். அவ்வளவுதான். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழித்தெறிந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் ஆண்டுத் தொகை வரவில்லை. அண்ணன் அடுத்த வாரமே வேறொரு கம்பெனியில் நிரந்தரமாகச் சேர்ந்தார். காலை எட்டரைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வேலை. பயிற்சி வகுப்பு தானாக நின்றது. அவர் கட்டணம் கட்டியிருந்த தேர்வும் ஒரு ஞாயிறன்றே வந்தது. அன்று கம்பெனியில் அவசர ஷிப்மெண்ட். லீவு போட்டால் ஆளை மாற்றிவிடுவோம் என்று முன்தினமே சொல்லியிருந்தார்கள். நுழைவுச் சீட்டு அலமாரியில் இருந்தது. அண்ணன் டிபன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். 

நான் பின்னாலேயே பேருந்து நிறுத்தம் வரை போனேன். கோவை இறுதிச் சுற்று அடுத்த வாரம். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அண்ணா, கோயமுத்தூருல எதிர்ப்பக்கம் பேசறனுங்க. பரிசு வராட்டியும் போகுது. உங்களப் பத்தி நெசத்தச் சொல்றேன். எத்தன நாள் வேலை, எத்தன நாள் சும்மா, எத்தன வருசம் காத்திருந்தீங்க, எல்லாம் சொல்றேன். அழுகாம ஒருத்தனும் எந்திரிச்சுப் போக மாட்டான்."

அண்ணன் சாலையைப் பார்த்தபடியே நின்றார். கம்பெனி வேன் தூரத்தில் தெரிந்தது.

"என்னப் பத்தி நல்லதாவும் பேசாதே" என்றார்.

"அண்ணா..."

"அன்னைக்குக் கை தட்டுனாங்க. இப்ப அழுவாங்க. எனக்கு ரெண்டும் வேண்டாம். என்னக் கேட்டியா? அன்னைக்கும் கேக்கல. இன்னைக்கும் நீயே முடிவு பண்ணிட்டுத்தான் வந்து சொல்றே."

 அடுத்த வாரம் நான் கோவைக்குப் போகவில்லை என்பதையும் உங்கள் சாட்சியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று அந்த நிறுத்தத்தில், "இனிமே கேக்காமப் பேச மாட்டனுங்க" என்று முணுமுணுத்தேன்.

வேன் வந்து நின்றது. உள்ளே ஆறேழு பேர் தூக்கம் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் படியில் கால் வைத்தபடி திரும்பினார்.

"மேடையில மட்டும் மைக்கே வேண்டாம்ங்கற மாதிரி கத்துவே. இப்ப என்ன? சத்தமாச் சொல்லு."

சொன்னேன். ஓட்டுநரும் வேனில் இருந்தவர்களும் நிறுத்தத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்:

"உங்களக் கேக்காம, உங்களப் பத்தி, நல்லதோ கெட்டதோ, எந்த மேடையிலயும் ஒரு சொல்லுச் சொல்ல மாட்டேனுங்க அண்ணா."