இரும்புப் பெட்டியின் கதவு

போன செவ்வாய்க்கிழமை, கோர்ட்டில் என் எழுத்தை மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சுக்கார நீதிபதிக்காகப் பிரெஞ்சில் வாசிக்கக் கேட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நிதிக் கம்பெனி திவாலாகி, டைரக்டர்கள் நால்வர் கூண்டில் நிற்கும் வழக்கு உங்களுக்குத் தெரியும். மூன்று வாரமாக இந்தப் பத்திரிகைக்கு அதை எழுதுபவன் நான்தான். அன்றைய சாட்சி, கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்து பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் ஆரோக்கியமேரி.

"எதை நம்பிப் பணம் போட்டாய்?" என்று நீதிபதி கேட்டார்.

அந்த அம்மாள் மடியிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்து நீட்டினார். கம்பெனித் திறப்பு விழாச் செய்தி. என் செய்தி. 'இரும்புப் பெட்டியின் கதவைத் திறக்கவே இரண்டு ஆள் வேண்டும். உள்ளே தட்டுத் தட்டாகப் பத்திரங்கள்...'

பெட்டியை நான் பார்த்தது உண்மை — மூடியிருந்தபோது. உள்ளே இருப்பதை மானேஜர் சொன்னார். 'சொன்னார்' என்று எழுதினால் வாக்கியம் சப்பென்று போய்விடும்... பார்த்ததாகவே எழுதிவிட்டேன்.

சீல் வைக்கப் போன அதிகாரி முந்தின வாரமே சாட்சி சொல்லியிருந்தார். கதவு ஒரு கையாலேயே திறந்ததாம். உள்ளே பழைய காலண்டர்கள்.

"பத்திரிகைக்காரர்கள் எதைத்தான் எழுதவில்லை?" என்றார் டைரக்டர்களின் வக்கீல். கோர்ட் சிரித்தது. நானும் சிரித்தேன்.

வெளியே வராந்தாவில் அந்த அம்மாள் என்னை நிறுத்தினார். நான் குறிப்பெடுத்ததைப் பார்த்திருக்கிறார்.

"ஐயா, நான் சொன்னத எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேம்மா."

"அந்தப் பேப்பர் சங்கதியும்?"

"அது எதுக்கு?"

"நல்லா கேட்டீங்க. அத ஊர்ல படிச்சுக் காட்டினாங்க, நான் போட்டேன். என்னப் பாத்து இன்னும் ஆறு பேரு போட்டாளுங்க. இப்ப நான் கமிஷன் வாங்கிட்டேங்கறாளுங்க. பூசையில கூட பக்கத்துல உக்கார மாட்டேங்கறாளுங்க. பேப்பர்ல வந்தா நம்புவாங்க இல்ல?"

"வரும்" என்றேன்.

புதன்கிழமை பேப்பரில் வந்தது: 'சாட்சி ஒரு காகிதத்தைக் காட்டினார்.' பிழையில்லாத வாக்கியம். என்ன காகிதம்? அதை மட்டும் விட்டுவிட்டேன்.

டைரக்டர்களை நீதிபதி பார்த்துக்கொள்வார். என்னைக் கூண்டில் ஏற்றச் சட்டத்தில் வழியில்லை — ஒரு வக்கீலிடம் விசாரித்துவிட்டேன். அப்படி விசாரித்ததுதான் இன்னும் கேவலம்.

அந்தக் காகிதம் இந்தப் பத்திரிகை. எழுதியவன் நான். கம்பெனியிடம் கமிஷன் வாங்கியவர்களின் பட்டியல் கோர்ட்டில் இருக்கிறது. ஆரோக்கியமேரியின் பெயர் அதில் இல்லை. கனகசெட்டிக்குளத்தில் யாராவது இதையும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

இந்தத் தடவை அந்தப் பட்டியல் கட்டைப் பிரித்து, கடைசிப் பக்கம்வரை நானே பார்த்தேன்.