பேஜர் ஆபீஸ் இஸ்திரிக்காரி

அவள் கணவன் இரண்டு மருந்துப் பெட்டிகளையும் ஒரு தோல் பையையும் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. வாசலில் அவள் நீட்டிய தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டான், முகத்தைத்தான் பார்க்கவில்லை.

"இனிமே உன்கூட பேச்சு கிடையாது. நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு அடிக்கிற."

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது.

எல்லோரும் இடுப்பில் பேஜரை மாட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. பேஜரில் பேச முடியாது. பேஜர் கம்பெனிக்குப் போன் போட்டுச் செய்தியைச் சொன்னால், அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதைக் கணினியில் அடித்து அனுப்புவார்கள். சொன்னதைச் சொன்னபடி அடிக்க வேண்டும் என்பதுதான் ஆபீஸ் சட்டம். அங்கே வேலை பார்த்த இவளுக்கு மட்டும் விரல் கேட்காது. "எருமை, எங்கேடா தொலைஞ்சே" என்று ஒரு முதலாளி கத்தினால், வேலையாளின் இடுப்பில் "தம்பி, எங்கே இருக்கே" என்று போய் விழும். மற்றவர்களின் வார்த்தையில் சுருக்கம் எடுத்ததால் பக்கத்துச் சீட்டுக்காரி அவளுக்கு இஸ்திரிக்காரி என்று பெயர் வைத்தாள்.

வினை வீட்டுக்குள்ளேயே வந்தது. மருந்துக் கம்பெனி அவள் கணவனைத் தூரத்து ஊருக்கு மாற்றப் பார்த்தது. அவன் கொதித்துப்போய்த் தெருமுனை பூத்திலிருந்து போன் போட்டான். எடுத்தது மனைவி.

"மேனேஜருக்கு அடி. அந்த ஊருக்குப் போக முடியாது. வேணும்னா வேலையை வேற ஆளுக்குக் குடுங்க."

வேலை போய்விடுமே என்று அவள் பயந்தாள். "ஊர் கொஞ்சம் தூரம் சார். ஆனாலும் நீங்க பாத்து முடிவு பண்ணுங்க" என்று அடித்தாள். மேனேஜர் அன்றைக்கே பார்த்து முடிவு பண்ணிவிட்டார். "இவ்வளவு பணிவா சம்மதிப்பேன்னு நெனைக்கலப்பா" என்று தோளில் தட்டிப் பேஜரையும் காட்டினார்.

அவன் போனபிறகு அவள் திருந்தினாள். எருமையை எருமை என்றே அடித்தாள். அந்த வாரமே ஒரு கல்யாணப் பேச்சு முறிந்தது. இரண்டு பங்காளிகள் கடையைப் பிரித்தார்கள்.

"அம்மா தாயே, பழையபடியே அடிடி. ஊரே அடிச்சுக்குது" என்றாள் பக்கத்துச் சீட்டுக்காரி.

"என் வீடு ஒட்டட்டும், அப்புறம் ஊரை ஒட்டலாம்."

வீடு ஒட்டுகிற வழியாக இல்லை. பேஜர் கம்பெனி அவளுக்கும் ஒரு பேஜர் கொடுத்திருந்தது. குளிக்கும்போதுகூட அதைக் கதவுக்கு வெளியே, காது எட்டும் தூரத்தில் வைத்தாள். அவள் கேட்ட மன்னிப்பெல்லாம் அவன் இடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. பதில் மட்டும் வரவில்லை. மாதங்கள் ஓடின. திரும்பி வருவானா, அங்கேயே இருந்துவிடுவானா என்று மற்றவர்கள் கேட்காதபோதும் அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் போன் மணி அடித்தது. "வணக்கம், செய்தியைச் சொல்லுங்க" என்றாள்.

எதிர்முனையில் ஒரு செருமல். அந்தச் செருமலோடு ஆறு வருஷம் குடும்பம் நடத்தியவள் அவள்.

"என் பொண்டாட்டிக்கு ஒரு செய்தி மேடம்" என்றான் அவன், யாரோ ஒருத்தியிடம் பேசுவதுபோல.

"சொல்லுங்க சார்." அவள் தன் பேஜர் எண்ணை அடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

அவன் சொன்னான். அவள் அடித்தாள்.

"எத்தனை மணிக்குன்னு சொல்லலையே சார்?"

"சொல்ல மாட்டேன். காலையிலேருந்து நில்லுன்னு சேத்து அடிங்க. மேடம், ஒரு எழுத்து மாறக் கூடாது."

"மாறாது சார்."

பொத்தானை அழுத்தினாள். அவள் இடுப்பிலேயே பேஜர் துள்ளியது. தான் அடித்ததுதான் என்றாலும், எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்:

"சனிக்கிழமை வரேன். பேச மாட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு வா. காலையிலேருந்து நில்லு."