இமையைத் தூக்கி ஒட்டிய நாள்

என் கண் இமைகள் தொங்கிப்போய்விட்டன. ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்டதற்கு, "முதல்ல இமையைத் தூக்கிப் பிடிக்கிற டேப் ஒட்டிப் பாருங்க, வெள்ளிக்கிழமை முடிவு பண்ணலாம்" என்றார் டாக்டர்.

இன்று அதை ஒட்டிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் வழக்கமாகச் சாப்பிடும் வாழையிலைக் கடைக்குப் போனேன். அங்கே பரிமாறும் அண்ணன் எப்போதும், "என்னக்கா, தூங்கலையா?" என்று பரிதாபப்பட்டு, நான் சொல்லாமலே நுரை பொங்க ஆற்றிய கெட்டிப் பால் டீ, ஒரு தே தாரிக், கொண்டுவருவார்.

இன்று தள்ளியே நின்றார்.

"அக்கா, இன்னும் ஒண்ணுமே வைக்கலையே லா. அதுக்குள்ள ஏன் முறைக்கிறீங்க?"

"முறைக்கலண்ணே. கண்ணைத் தொறந்து வச்சிருக்கேன்."

நம்பவில்லை. இரண்டு அப்பளம் கூடுதலாக வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். தே தாரிக் வரவே இல்லை.

இமை தொங்கினால் தே தாரிக், தூக்கினால் அப்பளம். ஆயுசுக்கும் எது வேண்டும் என்று வெள்ளிக்கிழமை டாக்டர் கேட்பார்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?